சாய்வு கட்டிலேறிய கதை

தலைப்பக்கமும் கால்பக்கமும் தனித்தனியாக எழும்பி இறங்கும் மோட்டர்க் கட்டிலை விற்கிறவர்கள் அதன் பிறப்பை விண்வெளியில் வைத்துப் பேச விரும்புவார்கள். ரிமோற்றில் 'சீரோ கிராவிற்றி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அமத்தினால் தலையும் முழங்காலும் அளவாக உயர்ந்து, விண்வெளி வீரர் மிதக்கிற நிலை உடம்புக்குக் கிடைக்கும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டில் பிறந்த இடம் அவ்வளவு அழகானதில்லை. சீழ் பிடித்த வயிறோடு மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த ஓர் ஆஸ்பத்திரி வார்ட்டில்தான் அது பிறந்தது.

சாவகச்சேரிப் பக்கம் இந்தக் கட்டில் இப்போது அபூர்வப் பொருள் இல்லை. மீசாலை, நுணாவில், மட்டுவில், கொடிகாமம் என்று எந்த ஊரை எடுத்தாலும், தாய் தகப்பன் இங்கேயும் பிள்ளைகள் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ சூரிச்சிலோ இருக்கிற வீடுகள் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, அப்பாவுக்கு இரவில் மூச்சு முட்டுது என்ற செய்தி போனதும் அங்கிருந்து முதலில் காசு வரும். அதன் பின்னாலேயே, 'எழும்பி இறங்கிற கட்டில் ஒண்டு எடுத்துவிடுங்கோ' என்ற சொல்லும் வரும். கட்டில் வந்து இறங்கிய பிறகு நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே மாதிரித்தான்.

"அம்மா, கட்டில் வசதியோ?"

"வசதிதான் பிள்ளை. கரண்டு நிண்டா மட்டும் நான் சாஞ்சது சாஞ்சபடிதான்."

சிரித்துவிட்டு விடக்கூடிய பதில் இல்லை இது. படுத்திருப்பவருக்குச் சாய்வு வேண்டும். அந்தச் சாய்வை வேண்டிய நேரத்தில் மாற்றவும் முடியவேண்டும். முதலாவதை மனிதர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவதைப் படுத்திருப்பவரின் கையில் கொடுப்பதற்குத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

கட்டிலுக்குச் சாய்வு வருவதற்கு முன்பே கதிரைக்கு வந்துவிட்டது. நமக்குத் தெரிந்த வடிவம் சாய்மனைக் கதிரை. சாவகச்சேரியைச் சுற்றியுள்ள தென்மராட்சியின் பழைய கல்வீடுகளில் விறாந்தையின் காற்று வாகான மூலை அதற்குரியது. முதிரையிலோ வேம்பிலோ சட்டம். மேற்சட்டத்திலிருந்து முன்சட்டம் வரை தொட்டில் போலத் தொங்கும் கித்தான். பின்புறத்து அடிச்சட்டத்தில் மூன்று நான்கு பல் வெட்டியிருக்கும். முட்டுக்கொடுக்கும் குறுக்குக் கட்டை எந்தப் பல்லில் விழுகிறதோ அந்த அளவுக்குச் சாய்வு. பேப்பர் வாசிக்க ஒரு பல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர இன்னொரு பல். மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர்களும், ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார்மாரும் தங்கள் மிச்சக் காலத்தின் பெரும்பகுதியை அதில்தான் கழித்தார்கள். வீட்டுக்காரர் எழும்பிப் போன பிறகுகூடப் பிள்ளைகள் அதில் ஏற யோசிப்பார்கள். துணிந்து ஏறியவர்களுக்கும், பல் மாற்றப் போய் விரல் நசிபட்டதோடு அந்த ஆசை தீர்ந்திருக்கும்.

ஆனால் அதை வெறும் ஓய்வுக் கதிரை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. தொய்வுக்காரருக்கு அதுவே இராக்கட்டில். மல்லாந்து படுத்தால் நெஞ்சு அடைக்கிறது, எழும்பி இருந்தால் நித்திரை தூங்கி விழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்வில்தான் அவர்களுக்கு விடிந்தது. நெஞ்செரிவுக்காரர், கால் முறிந்து கட்டுப் போட்டவர், நிறைமாதக்காரி, வருத்தம் தெளிந்து முதன்முதல் அறைக்கு வெளியே வருகிறவர் எல்லாரும் ஏதோ ஒரு காலம் அதில் இரவு போக்கியிருப்பார்கள். எந்த வைத்தியரும் எழுதிக் கொடுக்காத மருந்து அது. உடம்பு தானாகத் தேடிப் போன இடம்.

இந்தப் பல்வெட்டு எங்கள் தச்சர் மட்டும் கண்ட வித்தை இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் எஃப்ரேம் கோல்மன் என்ற கிராமத்துத் தச்சரின் பட்டறையில், முதுகுப் பலகை சாயும் கதிரையொன்றை 1866இல் வடிவமைப்பாளர் வில்லியம் மொறிஸின் தளபாட நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் கண்டார். அதைப் பார்த்து அந்த நிறுவனம் செய்து விற்றதுதான் பின்னாளில் 'மொறிஸ் கதிரை' என்று உலகம் முழுக்கப் பேர் எடுத்தது. தச்சரின் பெயரைச் சொல்வார் இல்லை. இருபது வருடம் கழித்து, 1886இல், மக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற பட்டு நெசவு ஊரில் ஜோன் தோமஸ் மூர் என்பவர் மடிக்கக்கூடிய, சாய்வு மாற்றக்கூடிய கதிரைக்குக் காப்புரிமை எடுத்துத் தொழிலும் தொடங்கினார். கப்பல் தளத்தில் கித்தான் கட்டிக் கிடந்த கதிரைகளும், வெள்ளைக்காரர் ஆண்ட ஊர்களின் பங்களா விறாந்தைகளில் கிடந்த கதிரைகளும் இந்தக் கூட்டம்தான்.

இந்தக் கதிரைகள் எல்லாவற்றுக்கும் ஒரே குறை. சாய்வை மாற்ற, இருக்கிறவர் எழும்பவேண்டும். எழும்ப ஏலாதவருக்கு அது ஒருதரம் வைத்த சாய்வோடு சரி. பாயும் படுக்கையுமாய்க் கிடக்கும் ஒருவரை அதில் தூக்கி வைக்கவும் முடியாது, வைத்தாலும் சரிந்துவிடுவார். கட்டில் இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது.

கட்டிலின் தலைப்பக்கத்தைக் கீல் வைத்து உயர்த்தும் யோசனை பழையது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மெத்தைக் கம்பனியொன்று 1874இலேயே அப்படியொரு சட்டத்துக்குக் காப்புரிமை எடுத்திருந்தது. ஆனால் ஒரு பொருள் இருக்கிறது என்பதற்காக அது பரவிவிடுவதில்லை. யாராவது ஒருவருக்கு அது இல்லாமல் முடியாது என்ற நிலை வரவேண்டும். அந்த நிலை வயிற்றுக்குள் வந்தது.

குடல்வளர் அழற்சி முற்றி வெடித்தால், அல்லது குடல் எங்காவது ஓட்டையானால், வயிற்றறை முழுக்கச் சீழ் பரவும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்பு அது பெரும்பாலும் சாவுச் செய்திதான். பென்சிலின் கண்ணில் பட்டதே 1928இல்; ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது 1940களில். யாழ்ப்பாணத்திலும் இதே கதிதான். மானிப்பாயில் 1848 முதல் வைத்தியம் செய்து, தமிழ் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலைத்தேய மருத்துவம் படிப்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1867இல் 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் கொண்டுவந்துவிட்டார். அறுவைக் கத்தி தமிழ் பேசத் தொடங்கியிருந்தது. ஆனாலும் வயிற்றுக்குள் சீழ் பரவிய ஒருவருக்கு முன்னால் மானிப்பாய் வைத்தியரும் நியூயோர்க் வைத்தியரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கையைப் பிசைந்துகொண்டுதான் நின்றிருக்க வேண்டும்.

1900இல் புரூக்ளினைச் சேர்ந்த ஜோர்ஜ் றையர்சன் ஃபௌலர் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய யோசனை எளிமையானது. வயிற்றறையின் மேற்பகுதி, அதாவது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானத்தை அடுத்த பகுதி, நஞ்சை விரைவாக இரத்தத்துக்குள் உறிஞ்சிவிடுகிறது. கீழே இடுப்புக் குழி அவ்வளவு வேகமாக உறிஞ்சுவதில்லை. அப்படியானால் நோயாளியைத் தட்டையாகக் கிடத்திச் சீழை எங்கும் ஓடவிடாமல், தலையும் உடம்பும் மேலே இருக்கும்படி சாய்த்து வைத்தால், சீழ் தானே கீழே இறங்கும். அங்கிருந்து குழாய் வைத்து வெளியே எடுக்கலாம். அடுத்தடுத்து ஒன்பது நோயாளிகளை இப்படிச் சாய்த்து வைத்தார். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். அந்தக் காலத்தில் இது நம்பக் கடினமான கணக்கு.

அவர் புதுக் கட்டில் எதையும் செய்யவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். இருந்த கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார், அவ்வளவுதான். பூமியின் இழுப்பு இனாம்.

ஃபௌலர் சொன்ன கிடை ஆஸ்பத்திரிகளில் பரவியது. கூடவே ஒரு தொல்லையும் பரவியது. சாய்த்து வைத்த நோயாளி நிற்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் மெத்தையோடு வழுக்கிக் கால்மாட்டுக்குப் போய் மடங்கிக் கிடப்பார். தாதிமார் முழங்காலுக்குக் கீழே தலையணிகளைச் சுருட்டி வைத்தார்கள், துணியால் தாங்குப் போட்டார்கள், திரும்பத் திரும்ப இழுத்து மேலே வைத்தார்கள். வயிறு வெட்டித் தைத்த ஒருவரை ஒரு நாளில் எத்தனை தரம் இழுப்பது? ஒவ்வொரு இழுவையும் அவருக்கு எப்படி வலித்திருக்கும்?

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியராக இருந்த வில்லிஸ் டியூ காட்ச் இந்தத் தொல்லையைப் பிடித்துக்கொண்டார். 1909இல் அவர் எழுதிய கட்டுரையின் பொருள் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய இருப்புக் கிடையும், நோயாளியை அந்தக் கிடையில் வைத்திருக்கும் கட்டிலும். கட்டிலின் மேற்சட்டத்தை அவர் மூன்று துண்டாக்கிக் கீல் போட்டார். முதுகுக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, கெண்டைக்காலுக்கு ஒன்று. முதுகுத் துண்டு உயரும். மற்ற இரண்டும் முழங்காலில் கூரை முகடாய் மடியும். முழுப் புத்தியும் அந்த முழங்கால் மடிப்பில்தான் இருந்தது. தொடைக்குக் கீழே ஓர் ஏற்றம் வந்துவிட்டால் உடம்பு வழுக்குவதற்கு இடமில்லை. அதுவரை தாதிமாரும் தலையணிகளும் செய்துகொண்டிருந்த வேலையை ஒரு கீல் செய்தது. காட்ச் பின்னாளில் இன்டியானாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் பீடாதிபதியானார். அமெரிக்கத் தாதியர் இன்றும் கட்டிலின் முழங்கால் மடிப்பை அவர் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் அவருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. மருத்துவ உபகரணக் கடைகளில் இரண்டு கைபிடிக் கட்டில் 'ஃபௌலர் கட்டில்' என்றும், முதுகு மட்டும் எழும்பும் ஒற்றைக் கைபிடிக் கட்டில் 'செமி ஃபௌலர்' என்றும்தான் விற்கப்படுகிறது. கட்டிலே செய்யாதவருக்குப் பெயர், செய்தவருக்கு ஒன்றுமில்லை. சசெக்ஸ் தச்சரோடு காட்சையும் ஒரு வாங்கில் இருத்தலாம்.

இந்தக் கைபிடிக் கட்டிலிலும் ஒரு குறை உண்டு. கைபிடி கால்மாட்டில் இருந்தது. அதாவது படுத்திருப்பவருக்கு எட்டாத ஒரே இடத்தில். முதுகைக் கொஞ்சம் இறக்க வேண்டுமென்றால் மணியடித்து, ஆள் வரும்வரை காத்திருந்து, 'போதும்' 'இன்னும் கொஞ்சம்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வார்ட்டில் கிடந்தவர்களுக்கு இது தெரியும். விடியப்புறம் இரண்டு மணிக்குத் தாதியைக் கூப்பிட மனமில்லாமல், நோவைப் பொறுத்துக்கொண்டு அப்படியே கிடப்பார்கள். அடுத்தவரை எழுப்பாமல் தன் உடம்பைத் தானே திருப்பிக்கொள்வது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பது அது பறிபோன பிறகுதான் விளங்கும்.

பொத்தான் கட்டில் அமெரிக்காவில் 1945இல் வந்தது. கைபிடி நோயாளியின் விரலுக்கு வந்தது அப்போதுதான். அந்த முதற் கட்டிலில் மலகூடமும் உள்ளேயே பொருத்தியிருந்தார்கள். படுக்கைச் சட்டியை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை. சட்டி ஒழியவில்லை, பொத்தான் மட்டும் நிலைத்தது. அடுத்த வருடம் ஒரு பணக்காரரின் பங்கு. விமானம் கட்டியவரும் படம் எடுத்தவருமான ஹவார்ட் ஹியூஸ் 1946 யூலையில் தான் ஓட்டிச் சோதித்த விமானத்தோடு பெவர்லி ஹில்ஸ் வீடுகளின்மேல் விழுந்தார். எரிகாயங்களோடு கிடந்தவருக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் பிடிக்கவில்லை. தன் தொழிற்சாலைப் பொறியியலாளர்களைக் கூப்பிட்டு, 6 பகுதியாக அசையும், 30 மோட்டர் வைத்த கட்டில் ஒன்றைச் செய்வித்தார். அதில் அவர் படுக்கவே இல்லை என்பார்கள்.

கட்டில் ஆஸ்பத்திரியைவிட்டு வீட்டுப் படுக்கையறைக்கு வந்ததற்கு வைத்தியர் காரணமில்லை, தொலைக்காட்சி. 1970களில் தொடங்கிய கிராஃப்ட்மற்றிக் போன்ற அமெரிக்கக் கம்பனிகள், முதுகுநோவும் தனிமையும் உள்ள வயோதிபரைப் பார்த்து விளம்பரம் செய்தன. வருத்தக்காரர் கட்டில் சொகுசுக் கட்டில் ஆனது அப்படித்தான். பிறகு வந்த சந்ததிக்கு வருத்தம் என்ற சொல்லே விற்பனைக்குத் தடையாக இருந்ததால் விண்வெளியைக் கொண்டுவந்தார்கள். 1973, 1974இல் ஸ்கைலாப் விண்கூடத்தில் இருந்தவர்களின் உடம்பு, எடையற்ற நிலையில் தானாக ஒரு கோலத்துக்கு வருவதை நாசா அளந்தது. முதுகுக்கும் தொடைக்கும் இடையில் சராசரி 128 பாகை. அந்த எண் உண்மை. ஆனால் அவர்களை யாரும் சாய்வுக் கட்டிலில் கிடத்தவில்லை. சுவரோடு கட்டிய பைக்குள் நின்றபடி தூங்கினார்கள். கட்டிலில் 128 பாகைக்கு வளைத்து வைத்தாலும் கொழும்பிலும் கொடிகாமத்திலும் உடம்பின் நிறை ஒரு இறாத்தலும் குறையாது.

விற்பனைப் பேச்சைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது என்ன? நிறைய மிஞ்சுகிறது.

நெஞ்செரிவில் தொடங்கலாம். தட்டையாகப் படுத்தால் இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயிலேயே நிற்கும். தலைப்பக்கம் உயர்ந்திருந்தால் அது தானே இறங்கிவிடும். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்துமணிக்குப் படுக்கும் எங்கள் பழக்கத்துக்கு இந்தச் சாய்வு ஒரு பிராயச்சித்தம். ஆனால் தலையணி அடுக்குவது சாய்வு இல்லை. மூன்று தலையணியில் தலையை வைத்தால் கழுத்தும் வயிறும்தான் மடியும். மடிந்த வயிறு அமிலத்தை இன்னும் மேலே தள்ளும். இடுப்பிலிருந்து மேலே முழு உடம்பும் உயரவேண்டும்.

அடுத்தது இதயம். இதயம் பலவீனப்பட்டவர் படுத்ததும், காலில் தேங்கியிருந்த நீர் இரத்தத்தோடு திரும்பி நுரையீரலில் முட்டும். அதனால்தான் வைத்தியர் மூச்சு முட்டுகிறது என்று வருகிறவரிடம் 'எத்தனை தலையணி வைச்சுப் படுக்கிறனியள்?' என்று கேட்கிறார். அது சும்மா கேள்வியில்லை. ஒன்றிலிருந்து மூன்றுக்கு ஏறியிருந்தால் வருத்தம் ஏறியிருக்கிறது. இப்படிப்பட்டவருக்குச் சாய்வுக் கட்டில் ஆறுதல் தரும். ஆனால் கட்டில் ஆறுதல் தருவதால் வைத்தியரிடம் போகாமல் விட்டால் அது ஆபத்து.

குறட்டை. மல்லாந்து கிடக்கும்போது நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதையைக் குறுக்குகிறது. சிலருக்கு மூச்சே இடையிடையே நின்று நின்று வரும். பிரேசிலில் 52 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வொன்றில், கட்டிலின் தலைப்பக்கத்தை 7.5 பாகை உயர்த்தியதும் மூச்சுத் தடைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. மோட்டர் இல்லை, முழங்கால் மடிப்பும் இல்லை. முழுதாகக் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, இருந்தாலும் 7.5 பாகைக்கு அது நல்ல கூலி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சாய்வு உயிர் விஷயம். ஸ்பெயினில் செய்து 1999இல் லான்செற் இதழில் வந்த ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் தட்டையாகக் கிடந்த 47 பேரில் 16 பேருக்கு நியூமோனியா வந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது. 45 பாகை சாய்த்து வைத்த 39 பேரில் 3 பேருக்குத்தான். அதன் பிறகு உலகமெங்கும் சாய்த்து வைக்கச் சொன்னார்கள். ஆனால் 2006இல் நெதர்லாந்தில் உண்மையாகவே எவ்வளவு சாய்வு நிற்கிறது என்று அளந்து பார்த்தபோது, 45 என்று எழுதியிருந்த இடத்தில் சராசரி 30 பாகைகூட இருக்கவில்லை. காட்சின் தாதிமாரை அலைக்கழித்த அதே வழுக்கல் நூறு வருடம் கழித்தும் வார்ட்டைவிட்டுப் போகவில்லை.

முதுகுநோவுக்குத்தான் இந்தக் கட்டில் அதிகம் விற்பனையாகிறது. அங்கேதான் ஆதாரமும் மெலிவு. சுவீடனின் அல்ஃப் நச்செம்சன் முதுகெலும்புத் தட்டுக்குள் ஊசி வைத்து அளந்தபோது, நிற்கும்போது உள்ள அழுத்தம் 100 என்றால் மல்லாந்து படுக்கும்போது 25, இருக்கும்போது 140 என்று கண்டார். முழங்காலை மடித்துப் படுத்தால் பலருக்கு இடுப்பு இளகுவது உண்மை. ஆனால் முதுகை நிமிர்த்தி இருந்தபடி மணிக்கணக்காக நாடகம் பார்ப்பதற்குக் கட்டிலைப் பாவித்தால், அது படுக்கை இல்லை, கதிரை. இதோடு இன்னொன்று. முதுகுநோ என்றதும் பலகையில் படு என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் இன்னும் இருக்கிறது. ஸ்பெயினில் 313 பேரை வைத்துச் செய்த, 2003இல் வெளியான ஆய்வு கல்லுப்போன்ற மெத்தையைவிட நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையே நோவைக் கூடுதலாகக் குறைத்ததாகச் சொன்னது. பலகையில் படுத்து நோவோடு எழும்பிய பெரியவர்களுக்கு இதை யாராவது சொல்லவேண்டும்.

தென்மராட்சியில் இந்தக் கட்டில் வந்து சேர்ந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, போரில் இடம்பெயர்ந்த வலிகாமம் முழுதும் மழையில் நனைந்தபடி தென்மராட்சிக்குள் வந்தது. நடக்க ஏலாத கிழவர் கிழவியரைச் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களை விறாந்தைகளிலும் மாமரங்களின் கீழும் இருத்திய சாவகச்சேரி, 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தானே தரைமட்டமாகியது. திரும்பி வந்தவர்கள் கூரையிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. பல்வெட்டுக் கதிரை செய்விப்பது அந்தப் பட்டியலில் எங்கே வரும்? விறாந்தைகளில் பிளாஸ்ரிக் கதிரை வந்து உட்கார்ந்தது. மலிவு, பாரமில்லை, மழையில் கிடந்தாலும் பரவாயில்லை. சாய்வு மட்டும் இல்லை. நடுவிலிருந்த சாய்மனைக் கதிரை போனதால், நிமிர்ந்து இருப்பதற்கும் தட்டையாகக் கிடப்பதற்கும் இடையில் வயோதிபருக்கு வீட்டில் ஓர் இடமே இல்லாமல் போயிற்று. வெளிநாட்டுக் காசில் கட்டில் வந்து நிரப்புவது அந்த இடைவெளியைத்தான் என்று நினைக்கிறேன்.

அப்படி வாங்குகிறவர்கள் மோட்டருக்கு மயங்கமுதல் மின்சாரத்தை நினைக்கவேண்டும். 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின் நின்றது. பல மோட்டர்க் கட்டில்களில், மின் போனால் தட்டைக்கு இறக்குவதற்கென்று சின்ன 9 வோல்ற் பற்றரி போடும் இடம் இருக்கும். அதில் பற்றரி இருக்கிறதா என்று பார்க்கிறவர்தான் குறைவு. கூட ஓர் ஆள் எப்போதும் இருக்கிற வீட்டுக்கு இரண்டு கைபிடிக் கட்டிலே போதும். தனியே இருக்கிற, விரல் வேலை செய்கிற, புத்தி தெளிவான ஒருவருக்கென்றால் மோட்டருக்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. அவருக்கு அது சொகுசும் இல்லை. நடு இரவில் யாரையும் கூப்பிடாமல் இருப்பதற்கான விலை.

கட்டில் வந்த வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்காத இரண்டு விஷயம். எழுப்பும்போது முதலில் முழங்கால், பிறகு முதுகு. இறக்கும்போது முதலில் முதுகு, பிறகு முழங்கால். மாறிச் செய்தால் ஆள் வழுக்குவார், வழுக்கும்போது தோல் மெத்தையில் ஒட்டி நிற்க உள்ளே எலும்பு நகரும். நாரியின் கீழ் வரும் படுக்கைப்புண்ணில் பல அப்படித் தொடங்குகிறவை. அதனால் சாப்பாடும் மூச்சு முட்டும் தவிர்ந்த நேரத்தில் 30 பாகைக்கு மேல் உயர்த்தி வைக்கவேண்டாம் என்பது தாதியரின் கணக்கு. பாரிசவாதம் வந்தவருக்குச் சாப்பாடு கொடுக்கும்போது மட்டும் நன்றாக நிமிர்த்தி, சாப்பிட்ட பிறகும் அரை மணித்தியாலம் அப்படியே விடவேண்டும், இல்லாவிட்டால் புரையேறும்.

நெஞ்செரிவும் குறட்டையும் மட்டும்தான் பிரச்சினை என்றால் இவ்வளவு செலவு தேவையே இல்லை. ஆறேகால் அடிக் கட்டிலின் தலைப்பக்கக் கால்கள் இரண்டையும் 8 அங்குலம் உயர்த்தினால் 6 பாகைச் சாய்வு வரும். 10 அங்குலம் உயர்த்தினால் பிரேசில்காரரின் 7.5 பாகை. சீமெந்துக் கல் வைக்கலாம், ஆனால் இரவில் கட்டில் நகர்ந்து கால் தவறி விழும். தச்சரிடம் சொன்னால் முதிரைக் கட்டையில், கால் இறங்கி உட்காரும்படி மேலே ஒரு அங்குலக் குழி வெட்டித் தருவார். அந்த ஓர் அங்குலத்தையும் கணக்கில் சேர்த்து, 8 வேண்டுமென்றால் 9 அங்குலக் கட்டையாகச் சொல்லவேண்டும்.